பஸ்ஸுக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’: ஏன்?

“காரில் போனால் ‘இன் த கார்’, பஸ்ஸில் போனால் ‘ஆன் த பஸ்’. இரண்டிலும் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறோம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தமிழில் இரண்டுக்கும் ‘இல்’ போதும். ‘ஏறு’, ‘இறங்கு’ என்ற சொற்களும்கூட இரண்டு வண்டிக்கும் பொதுதான்.

அடைபட்டிருந்தால் ‘இன்’, பரப்பின் மேல் தங்கியிருந்தால் ‘ஆன்’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சரி, சமையலறைக்கு வாருங்கள். ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்களைக் கோபுரமாகக் குவியுங்கள். உச்சிப் பழம் விளிம்பைத் தாண்டி நிற்கிறது, கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் ஆங்கிலம் பேசுபவர்கள் அதற்கும் ‘இன்’ என்றே சொல்வார்கள்.

உளவியலாளர் சைமன் கேரடும் (Simon Garrod) உடன் பணியாற்றியவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் கை வைத்தது. பழத்துக்குப் பதில் பிங்பாங் பந்துகள். ஒரு பந்து மட்டும் காட்சிக்குக் காட்சி வேறு உயரத்தில் இருக்கும். சிலவற்றில் அதை மேலிருந்து ஒரு நூல் பிடித்திருக்கும். கிண்ணத்தை நகர்த்தினால் இந்தப் பந்தும் கூடப் போகுமா என்று சிலரிடம் கேட்டார்கள். வேறு சிலரிடம், இங்கே ‘இன்’ பொருந்துமா என்று கேட்டார்கள். கூடப் போகும் என்று தோன்றிய காட்சிகளில் ‘இன்’னுக்கும் ஆதரவு கூடியது. குவியலின் உச்சியில் இருந்த பந்துக்கு நூல் வந்ததும் ஆதரவு குறைந்தது. பந்து அதே உயரத்தில்தான் இருந்தது. அது கிண்ணத்தின் பிடியிலா, நூலின் பிடியிலா என்பதுதான் சந்தேகமாகிவிட்டது. இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லுக்குள் இத்தனை இயற்பியல்!

இந்த ஆய்வுக்கு என்ன பெரிய செலவு? நம் பல்கலைக்கழகங்களும் ஓர் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கொடுத்து, தமிழின் ‘உள்ளே’, ‘மேலே’ எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கச் சொல்லலாம். எனக்குப் பள்ளியில் கிடைத்தது மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் மட்டும்.

பஸ்ஸுக்கு வருவோம். எழுந்து நடக்கத் தளம் உள்ள வண்டி என்றால் ‘ஆன்’. கப்பல், ரயில், விமானம் எல்லாம் அந்த வரிசை. ஓரளவு சரிதான். ஆனால் மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். கைவிடப்பட்ட பஸ்ஸுக்குள் பிள்ளைகள் விளையாடினால் அது ‘இன் த பஸ்’. தளம் அப்படியே இருக்கிறது, பயணம்தான் இல்லை. ‘ஆன்’ போட்டால் வண்டி ஓட்டத்தில் இருக்கிறது, நாம் அதன் பயணி என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

ஆகவே வாசகரே, பழுதாகி டெப்போ மூலையில் கிடக்கும் பஸ்ஸுக்குள் பூனை குட்டி போட்டிருந்தால், தயங்காமல் ‘இன்’ போடுங்கள்.