ஒளிர்வதெல்லாம் கதிரைத் தடுப்பதில்லை

கடற்பாசியிலிருந்து கார்பன் நானோ புள்ளிகள் எனப்படும் ஒளிரும் நுண்துகள்களைத் தயாரித்து, பாலிவினைல் ஆல்கஹால் என்ற நெகிழிப் பொருளில் கலந்து மெல்லிய படலமாக வார்த்து, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சின் கீழ் அது நீலமாக ஒளிர்வதைப் படம் பிடித்து, ‘புற ஊதாக் கதிரை முழுமையாகத் தடுக்கும் படலம்’ என்ற தலைப்புடன் எங்கள் அளவீட்டுக் கூடத்துக்கு அனுப்புவோர் பெருகி வருகின்றனர். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், அண்மையில் ஒரு மாணவர் குழு அத்தகைய படலத்தை வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி அணிந்துகொண்டு புற ஊதா விளக்கை நேராகப் பார்த்ததாகச் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

படலம் ஒளிர்கிறது என்றால், விழுந்த கதிரில் ஒரு பங்கை அது உறிஞ்சியது என்று மட்டுமே பொருள். எவ்வளவு பங்கு என்பதை ஒளிர்வு சொல்லாது. உறிஞ்சல் அளவு (absorbance, இது ஒன்று கூடினால் கடக்கும் கதிர் பத்தில் ஒன்றாகும்) 0.3 ஆக இருந்தாலே இருட்டறையில் படலம் கண்ணைப் பறிக்கும். அப்போதும் பாதிக் கதிர் மறுபுறம் போய்விடும். அளவு 1 ஆனால் 10 விழுக்காடும், 2 ஆனால் 1 விழுக்காடும் கடக்கும். கடந்து செல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஒளிர்வு மட்டுமே தெரியும் என்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். போதாக்குறைக்கு, இப்புள்ளிகள் பெரும்பாலும் 300 நானோமீட்டருக்குக் கீழேதான் வலுவாக உறிஞ்சுகின்றன. தரையை எட்டும் சூரியப் புற ஊதாவின் பெரும்பங்கான யூவி-ஏ பகுதியில், அதாவது 315 முதல் 400 வரை, அந்த வலு குறைந்துகொண்டே போகிறது. எனவே, விளக்கின் முன் நிற்கும்போது தரச்சான்று பெற்ற பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். நீங்கள் வார்த்த படலம் மேசைமேல் இருக்கட்டும்.

புள்ளிகளைக் கூடுதலாகச் சேர்த்தால் போயிற்று என்பார்கள். சேர்த்தால் தடுப்பு கூடும். ஆனால் புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு ஒளிர்வு மங்கும், படலமும் பழுப்பேறும். நன்றாகத் தடுக்கும் படலம் சுமாராகவே ஒளிரக்கூடும் என்பதைப் படம் பிடிப்பவர்கள் ஏனோ ஏற்க மறுக்கிறார்கள்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். சாதாரணக் கண்ணாடித் தகடே 300 நானோமீட்டருக்குக் கீழான கதிரில் பெரும்பகுதியை நிறுத்திவிடுவதால், அதன்மேல் வார்த்ததை அப்படியே அளந்தால் பாராட்டு கண்ணாடிக்குத்தான் சேரும். உரித்தெடுத்தோ, புற ஊதாவைக் கடக்கவிடும் குவார்ட்ஸ் தகட்டில் வைத்தோ அளக்க வேண்டும். புள்ளிகள் சேர்க்காத, அதே தடிமனுள்ள வெற்றுப் படலமும் ஒப்பிட உடன் வர வேண்டும். ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரின் கரையில் ஒதுங்கும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியைச் சரியாகக் கழுவாமல் பயன்படுத்தினால், எஞ்சிய உப்பு படலத்தில் படிகமாகி ஒளியைச் சிதறடிக்கும். கருவியில் அதுவும் தடுப்பு போலவே பதிவாகும். (படலத்தின் ஒளிர்வே உணரியில் விழுந்து அளவைக் கெடுப்பது தனிக் கதை, ஒளிரும் மாதிரி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒளி வடிகட்டி போட்டு அளப்போம்.)

புள்ளிகளைத் தயாரிக்கப் பாசியை நீரில் வேகவைக்கும் அழுத்தக் கலனான ஆட்டோகிளேவைப் பற்றி ஒரு வார்த்தை. அதனுள் வைக்கும் டெஃப்லான் குடுவையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். 200 டிகிரியில் இருந்ததைத் தண்ணீர் ஊற்றி அவசரமாகக் குளிர்வித்துத் திறக்காதீர்கள். இயற்கைப் பாசிதானே என்று அந்தப் பழுப்பு நீரை வெறுங்கையால் தொடுவதும் வேண்டாம், அத்தனை மணி நேரம் அழுத்தத்தில் வெந்த பிறகு அது பாசி அல்ல.

இன்னொரு வேண்டுகோள்: வார்த்த அன்று எடுத்த அளவோடு நிறுத்திவிடாமல், அதே படலத்தைச் சில வாரங்கள் ஈரம் படாமல் வெயிலில் வைத்து மீண்டும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு அனுப்புங்கள்.