விற்ற ஓவியத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு

ஓர் ஓவியரின் மகள் ஏலக் கேட்டலாக்கோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே அவர் அப்பா வரைந்த படம். வலது மூலையில் அப்பாவின் தமிழ்க் கையெழுத்து. எண்பதுகளில் சில ஆயிரத்துக்கு விற்றது, இப்போது பல லட்சம். “எங்களுக்கு ஏதாவது வருமா மேடம், இல்லை வித்தது வித்ததுதானா?”

வரும். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் சேர்த்த 53ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. அசல் ஓவியமோ சிற்பமோ எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விலைபோனால், படைத்தவருக்கும் அவருக்குப்பின் வாரிசுகளுக்கும் அந்த விலையில் பங்கு உண்டு. பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும் இது போகாது. ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை கேட்கலாம். ஆனால் சம்பளத்துக்கு வரைந்து, பதிப்புரிமை முதலிலேயே நிறுவனத்துக்குப் போயிருந்தால் கிடைக்காது.

சிக்கல் வேறிடத்தில். 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற சட்டம், எவ்வளவு என்று சொல்லவில்லை. அதை வணிக நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் 2006 முதலே சட்டத்தில் விகிதம் எழுதியிருக்கிறது; இப்போது 50,000 பவுண்டு வரை 4 சதவீதம். வசூலித்துக் கொடுக்க அமைப்புகளும் உண்டு. இங்கே ஓவியரே தேடிப்போய்க் கேட்க வேண்டியிருப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

விற்பனை எந்த நாட்டில் என்பதும் முக்கியம். எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.37 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்த உரிமையே கிடையாது.

டிஜிட்டல் ஓவியர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஜிட்டல் படைப்பு யாருடையது என்று காட்டும் இணையப் பதிவான என்எஃப்டி கைமாறும்போதெல்லாம் ராயல்டி தானாக வந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். அதைப் பெரும்பாலும் வசூலித்துக் கொடுத்தது விற்பனைத் தளம்தான். 2023 ஆகஸ்டில் அப்படி ஒரு தளமான ஓப்பன்சீ கட்டாய வசூலைக் கைவிடுவதாக அறிவித்தது. கொடுப்பதும் கொடுக்காததும் விற்பவர் விருப்பம் என்றாகிவிட்டது. அதனால் நேரடியாக விற்கும்போது மறுவிற்பனைப் பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சரி, அந்த மகளிடம் என்ன இருந்தது? வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பழைய ரசீதுப் புத்தகம். படத்தின் பெயர், அளவு, வாங்கியவர், தேதி எல்லாம் கார்பன் நகலில் மங்கலாக இருந்தன. அதை இணைத்துத்தான் நோட்டீஸ் அனுப்பினோம். இன்று ஒரு படம் விற்கிறீர்களா? படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, ரசீதின் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.