கழுத்துல ஷேவ் பண்ணா கட்டி கட்டியா வருதா? கைய கொஞ்சம் லேசாக்குங்க

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு தம்பி வந்தார், 25 வயசு இருக்கும். கழுத்து பூரா பொடிப் பொடியா செவப்புக் கட்டி, ஒண்ணு ரெண்டுல சீழ், காலர் உரசுற எடமெல்லாம் கருத்துப் போயிருக்கு. "டாக்டர், பருவுக்கு மூணு கிரீம் மாத்திப் பாத்துட்டேன், போகவே மாட்டேங்குது"ன்னார். லென்ஸ் வச்சுப் பாத்தா கட்டிக்கு உள்ள முடி சுருண்டு கெடக்கறது கறுப்பு நூல் மாதிரி தெரியுது. பருவே இல்ல அது, ஷேவிங்கால வந்தது.

நாக்க அழுத்திப் பாக்க ஒரு மரக்குச்சி வச்சிருப்போம்ல, அதைக் கையில குடுத்து, இதை ரேசர்னு நெனச்சுக்கிட்டு வீட்ல எப்படி பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்கன்னேன். தாடைக்குக் கீழ தோலை இழுத்துப் புடிச்சுக்கிட்டு கீழருந்து மேல ஒரே இழுப்பு. குச்சி போன வழியெல்லாம் தோல் வெளுத்து, அப்புறம் செவந்துச்சு. வெறும் குச்சிக்கே இப்படின்னா பிளேடு என்ன பண்ணியிருக்கும்? பல பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டுட்டு ஒத்த பிளேடு மாட்டுற சேஃப்டி ரேசருக்கு மாறி நாலு மாசம் ஆச்சாம், ஆனா கை இன்னும் பழைய பழக்கத்துலயே அழுத்துது.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். 1971-ல ரெட்டை பிளேடு ரேசர் வந்தப்ப அதோட கணக்கே முதல் பிளேடு முடியை கொஞ்சம் வெளிய இழுக்கும், அது உள்ள போறதுக்குள்ள பின்னாடி வர்ற பிளேடு வெட்டிரும்ங்கறதுதான். அப்ப வெட்டின நுனி தோலுக்குக் கீழ போயிரும், ஷேவ் என்னவோ மழமழன்னு இருக்கும், ஆனா சுருள் முடிக்காரங்களுக்கு அந்தக் கூர் நுனி வெளிய வர்ற வழியில வளைஞ்சு தோலுக்குள்ளயே குத்தும், உடம்பு அதை வெளிப்பொருள் மாதிரி நெனச்சு எதிர்க்கும், அதான் அந்தக் கட்டி. சேஃப்டி ரேசர்ல முடிய வெட்டுறது ஒரே ஒரு முனைதான், தோல் மட்டத்தோட வெட்டி விட்டுரும். அதனாலதான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு நான் அதைச் சொல்றேன். ஆனா தோலை இழுத்துப் புடிச்சு, அழுத்தி, எதிர்ப்பக்கமா போட்டீங்கன்னா ஒத்த பிளேடும் அதே வேலையத்தான் பண்ணும்.

அழுத்தத்துக்கு என்ன வழின்னா, கைப்பிடியோட அடி நுனிய ரெண்டு மூணு விரலால மட்டும் புடிங்க, ரேசர் தலையோட எடையே போதும். கோணம் பலருக்குக் கொழப்பம், அதுக்கு ரேசரோட மேல்மூடியை கன்னத்துல படுக்க வச்சுட்டு கைப்பிடிய மெதுவா கீழ எறக்கிக்கிட்டே வாங்க, பிளேடு முடிய தொடற எடத்துல ஒரு சின்ன கரகரப்பு கேக்கும், கிட்டத்தட்ட 30 டிகிரி, அங்கயே நிறுத்துங்க. ஒரு இழுப்பு ரெண்டு விரல் அகலம் இருந்தா போதும், உடனே தண்ணியில அலசிருங்க.

அடுத்தது முடி எந்தப் பக்கம் வளருதுன்னு பாக்கறது, இதைத்தான் யாருமே பாக்கறதில்ல. ரெண்டு நாள் தாடியோட ஒரு பஞ்சை எடுத்து கழுத்துல நாலு பக்கமும் லேசா இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா முடி அந்தப் பக்கமா வளருது, நார் நாரா மாட்டிச்சுன்னா நீங்க எதிர்த்துப் போறீங்க. கன்னத்துல பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும், கழுத்துல அப்படி இல்ல, சில பேருக்கு மேல்நோக்கி, சில பேருக்கு ஒரு பக்கம் காது பாத்து, தொண்டை மேட்டுக்குப் பக்கத்துல சுழி கூட இருக்கும். முதல் தடவை முடி போற போக்குலயே போங்க, பத்தலைன்னா திரும்ப நுரை போட்டு குறுக்கா ஒரு தடவை. கட்டி வர்றவங்க எதிர்ஷேவ் பக்கமே போகாதீங்க, கையில தடவிப் பாத்தா லேசா சொரசொரன்னு இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

முடி நல்லா ஊறியிருக்கணும், குளிச்ச கையோட பண்றது நல்லது, இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. ஊறின முடிய வெட்ட ரொம்பக் கம்மி பலம் போதும். எஃகை விட முடி 50 மடங்கு மென்மையானது, ஆனாலும் பிளேடு முனைய அது சில்லு சில்லா பேக்குதுன்னு அமெரிக்காவுல இருக்கற எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல மைக்ராஸ்கோப்ல காட்டினாங்க, கண்ணுக்குத் தெரியாது ஆனா தோலுக்குத் தெரியும். ஒரு பிளேட அஞ்சு ஷேவுக்கு மேல இழுக்காதீங்க, அதுக்கு முன்னாடியே முடிய புடிச்சு இழுக்கற மாதிரி இருந்தா அப்பவே மாத்துங்க. டவல்ல பிளேட தொடைக்கவும் வேணாம், உதறி விட்டா போதும்.

ரேசர எவ்வளவு நெருங்கினவங்களா இருந்தாலும் மாத்திப் பயன்படுத்தாதீங்க. கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளிய குறைஞ்சது 7 நாளாவது உயிரோட இருக்கும், காய்ஞ்ச ரத்தத்துலயும்தான். முகத்துல மரு இருந்தா அது மேல பிளேடு ஓட்டுனா அந்தக் கோட்டுலயே வரிசையா மரு பரவும், முதல்ல அதைக் காட்டி சரி பண்ணிக்கங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது யாரோ சொன்னாங்கன்னு ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாசக்கணக்கா தடவிட்டு வர்றவங்களப் பாக்கறப்பதான். செவப்பு ரெண்டு நாள்ல அடங்கும், தோல் மெலிஞ்சு போகும், நிறுத்தினா முன்னைய விட மோசமா கெளம்பும். தயவுசெஞ்சு வேணாம்.

அந்தத் தம்பிக்கு ஒரு மாசம் பிளேடே வேணாம்னு சொன்னேன், டிரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டச் சொன்னேன், முடிய நோண்டி எடுக்கக் கூடாதுன்னேன், சீழுக்கு மட்டும் மருந்து. ஆறு வாரம் கழிச்சு வந்தப்ப கழுத்து நல்லா அடங்கியிருந்துச்சு, வலது காதுக்குக் கீழ மட்டும் ரெண்டு கட்டி போகல. பஞ்சை வச்சுப் பாத்தோம், அந்த எடத்துல சுழி. அங்க மட்டும் டிரிம்மரே போட்டுக்கங்க தம்பின்னேன், சரின்னுட்டுப் போனார்.