கடையே குடோனாகும்போது

தொழிற்சாலை, குடோன், கடை, கடைசியில் வாடிக்கையாளர் கை. சரக்கு இந்த ஒரே திசையில்தான் போகும் என்று வைத்துத்தான் பெரும்பாலான கடைகளை வடிவமைத்தார்கள். இன்று அதே கடையில் ஆன்லைன் ஆர்டருக்குச் சரக்கு எடுத்துக் கட்டுகிறார்கள். வேறு வழியில் வாங்கிய பொருளும் அங்கேயே ரிட்டர்ன் வருகிறது. கடைகளின் சரக்கு நிர்வாகத்தைச் சீர்செய்வது என் தொழில். இந்த மாற்றத்தால் மிக அதிகமாக அடிவாங்குவது லாரியோ ரேக்கோ அல்ல, கணினியில் தெரியும் இருப்புக் கணக்கு.

1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பிக்லி விக்லி சுயசேவைக் கடை திறந்தபோது, பொருளை எடுக்கும் வேலை ஊழியரிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போனது. ஆன்லைன் ஆர்டர் அந்த வேலையை மறுபடி ஊழியர் தலையில் வைத்திருக்கிறது. ஆனால் ரேக்குகள் இன்னும் சுற்றிப் பார்த்து வாங்க வருபவருக்காகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலோடு ஓடுகிறவருக்கு அந்த அடுக்கு ஒத்துவராது.

சரி, இருப்புக் கணக்குக்கு வருவோம். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், பில் கவுண்டரில் முதன்முதலாக ஒரு பொருளின் பார்கோடு ஸ்கேன் செய்யப்பட்டது. அது ஒரு சூயிங்கம் பாக்கெட். எது விற்றது, எது தீர்ந்தது என்பதைக் கணினியே கணக்கு வைக்கும் வழி அப்படித்தான் பிறந்தது. அந்தக் கணக்கை மனிதக் கை எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். ஒரே விலையுள்ள இரண்டு வாசனை ஷாம்புகள். வாடிக்கையாளர் ஒன்றில் இரண்டு, மற்றதில் ஒன்று எடுத்து வருகிறார். வரிசை நீளமாக இருப்பதால் கவுண்டரில், இரண்டு எடுத்த வாசனையின் ஒரே பாட்டிலை மூன்று முறை ஸ்கேன் செய்கிறார்கள். பில் தொகை சரியாக இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு வாசனைக்குக் கணக்கில் ஒன்று குறைவு, இன்னொன்றுக்கு ஒன்று கூடுதல். கூடுதலாகக் காட்டும் பாட்டில் ரேக்கில் தீர்ந்த பிறகும் கணினி இருக்கிறது என்றே சொல்லும். அதனால் மறு ஆர்டரும் போகாது.

இது அரிதான பிழை அல்ல. 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 65 சதவீதப் பதிவுகள் உண்மை இருப்போடு பொருந்தவில்லை. முன்பெல்லாம் இந்தப் பிழை கடைக்குள்ளேயே அடங்கிவிடும். ரேக்கில் இல்லையென்றால் வாடிக்கையாளர் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார். இப்போது அதே எண்ணை நம்பித்தான் வீட்டிலிருக்கும் ஒருவர் முன்பணம் கட்டுகிறார். ஊழியர் ரேக்கிலும் பின்னறையிலும் தேடி அலைகிறார், கடைசியில் ஆர்டர் ரத்தாகிறது. தப்பு ஊழியருடையது அல்ல, ஆனாலும் பேச்சு வாங்குவது அவர்தான். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனது ஆறுவதில்லை.

ரிட்டர்ன் சரக்கு இன்னொரு ஓட்டை. பெட்டி திரும்பி வந்ததும் சிஸ்டத்தில் உடனே இருப்பு ஏறிவிடுகிறது, பொருளோ உடைந்து பின்னறை மூலையில் கிடக்கிறது. பிரித்துப் பார்த்து, விற்கக்கூடியது என்று உறுதியான பிறகே இருப்பில் ஏற்றுங்கள். அதற்கென்று தனி ரேக் வேண்டும். விற்பனைத் தளத்தைக் கூட்டுவதற்காகப் பின்னறையைச் சுருக்கிய கடைகள் இந்த இடத்தில்தான் திணறுகின்றன.

காலாவதி தேதியும் அப்படித்தான். வழக்கமான பார்கோடில் அது இல்லை. தேதியையும் தொகுதி (பேட்ச்) எண்ணையும் சுமக்கக்கூடிய, க்யூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளை 2027 இறுதிக்குள் பில் கவுண்டர்கள் படிக்க வேண்டும் என்பது, பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் இலக்கு. புது ஸ்கேனர் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் எண்ணுவதோடு நிறுத்தாமல், கணினி இருப்பு காட்டியும் சில நாட்களாக ஒன்றுகூட விற்காத பொருட்களை மட்டும் தினமும் எடுத்து எண்ணச் சொல்கிறேன். பட்டியல் சின்னதுதான், ஆனால் போலி இருப்பு பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும். அந்த வேலைக்கு ஷிஃப்டில் தனியாக நேரம் ஒதுக்குங்கள். லாரி இறக்குகிற நேரத்தில் இடையில் பார்த்துக்கொள் என்று விட்டால், எண்ணாமலே டிக் அடிப்பார்கள்.