பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

"தம்பி, போன ஏப்ரல்லதான் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சேன். குடிவந்த நர்ஸம்மா இப்ப காலி பண்றேங்குறாங்க. குழந்தைக்கு இருமல் நிக்கலையாம்."

ஆகஸ்டில் ஒரு நாள் போனில் இப்படிச் சொன்னவர் ஓய்வுபெற்ற டீச்சர். குன்னூரில் அவருக்கு ஒட்டினாற்போல் இரண்டு சிறிய வீடுகள். பென்ஷனுக்கு மேல் அந்த வாடகைதான் வரும்படி. போய்ப் பார்த்தேன். படுக்கையறைப் பின்சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் கறுப்புப் புள்ளிகள். பைக் சாவியால் லேசாகச் சுரண்டினேன். பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்குப் பின்னால் பட்டி ஈரமாவு போல விரலில் ஒட்டியது. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"டீச்சர், வீட்டுக்குப் பின்னாடி கடைசியா எப்ப போனீங்க?"

"அங்க என்ன இருக்கு தம்பி, ஒரே புதர்."

புதர்தான். புதருக்கு அடியில் மண். ஜன்னல் கட்டை அளவுக்கு மண் சரிந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு காலத்தில் அங்கே கல் பாவிய சாக்கடை ஒன்று இருந்திருக்கிறது. இலையும் சேறும் மூடி அது மறைந்துவிட்டது. கூரைத் தகரத்தின் தண்ணீர் முழுவதும் நேராக அந்த மண்ணில் விழுகிறது. சுவர் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றிருக்கிறது. உள்ளே எந்தக் கம்பெனி பெயின்ட் அடித்தாலும் உரியத்தான் செய்யும்.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. மலையில் வாடகை வீடு வைத்திருக்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதல் செலவு தண்ணீருக்கு, கடைசிச் செலவு பெயின்டுக்கு. கோயம்புத்தூரில் வீடு சமதளத்தில் நிற்கிறது. இங்கே சரிவை வெட்டி, பின்சுவரை மேட்டுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருக்கிறோம். வாடகைக்கு வருகிறவர் முன்பக்கத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பார். அவர் நீடித்து இருப்பதைத் தீர்மானிப்பது பின்பக்கம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது சமையல், குளியல் ஆவி குளிர்ந்து படிவது. முன்னதற்கு மண்வெட்டி வேண்டும், பின்னதற்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். இது தெரியாமல் இரண்டுக்கும் 'வாட்டர் புரூஃப்' என்று எழுதிய டப்பாவை வாங்கி வருகிறோம்.

தகரக் கூரை வீடுகளில் இன்னொரு புகார் வரும்: "மழையே இல்ல, ராத்திரி ஒழுகுது." ஆணி ஓட்டையைத் தேடி மேஸ்திரி கூரை மேல் ஏறுவார். ஓட்டை இருக்காது. தகரம் வியர்க்கிறது, அவ்வளவுதான். உள்ளே எழுந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டுச் சொட்டுகிறது. தகரத்துக்கு அடியில் காற்றோட்டம் விட்டு சீலிங் போட்டால் நின்றுவிடும். காற்று போக வழியில்லாமல் அடைத்துப் போட்டால் எலிக்குக் குடியிருப்பு, மரத்துக்கு உளுப்பு.

டீச்சர் வீட்டில் செய்தது இதுதான். ஜனவரி வரை காத்திருந்தோம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பலமானது. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஈரமண்ணில் கை வைக்கவே கூடாது. தை பிறந்த பிறகு, சுவரை ஒட்டிய மண்ணை ஆள் வைத்து, ஒரே நீளமாக வெட்டாமல் ஆறடி ஆறடியாக எடுத்தோம். பொக்லைன் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கேட்காமல் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதுவும் போக, அந்த வீட்டுக்குப் படிக்கட்டு வழிதான், வண்டியே வராது. மூட்டைக்கு இவ்வளவு என்று சுமைக்கூலி தனி. மலையில் எஸ்டிமேட் போடும்போது இதை மறந்தால் கணக்கு உதைக்கும்.

சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விட்டோம். சாக்கடையின் தளம் வீட்டுத் தரையைவிட அரையடி கீழே. மேட்டுப் பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர். அதில் நாலடிக்கு ஒரு பைப் துண்டு, பைப்பின் பின்வாயில் ஜல்லி. இந்தத் துளைகள் இல்லாத தடுப்புச் சுவர் தடுப்பே அல்ல. மண்ணோடு சேர்த்துத் தண்ணீரின் பாரமும் பின்னால் ஏறி ஒரு நாள் அப்படியே வயிறு தள்ளி விழும். கூரைத் தண்ணீரை மழைநீர்க் குழாயில் பிடித்து வீட்டைத் தாண்டி விட்டோம்.

பிறகு சுவரைக் காயவிட்டோம். இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய வீடு ஒன்றுக்கு, பலமாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூச்சு பூசிக் கொடுத்தேன். இரண்டே மழையில் பூச்சு பலகை பலகையாக விட்டுவந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஈரத்தைக் குடித்து வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிடுகிறது. இப்போது அந்த மாதிரிச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பூஞ்சணமும் அதில் எளிதில் பிடிக்காது. பளபளப்பு வேண்டும் என்பவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

மாடி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு, அனுமதி இல்லாமல் செங்கல் வாங்காதீர்கள். 'சீசனுக்கு காட்டேஜா விடலாமே' என்பவர்களுக்கும் அதுதான். குடியிருப்பு அனுமதியில் காட்டேஜ் நடத்தினால் சீல் வைப்பார்கள். 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. வருடம் முழுக்க இருக்கும் பேங்க் கிளார்க் குடும்பமே மேல் என்பது என் எண்ணம்.

குளியலறை. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். குளிர் ஊர், வெந்நீர் இல்லாமல் வீடு போகாது. அதனால் கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டி, குளிர் வருகிறது என்று வென்டிலேட்டரில் நியூஸ்பேப்பர் திணித்து வைத்திருப்பார்கள். காற்றுப் போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை விடும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும், இதற்கு நாற்றமே கிடையாது. குளிக்கப் போனவர் தலைசுற்றி விழுவார், தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கும். கேஸ் கீசர் வைப்பதானால் வெளியே, திறந்த இடத்தில். இல்லையென்றால் எலெக்ட்ரிக் கீசர், சரியான எர்த், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச். குடிவருகிறவரிடம் கரி அடுப்பை மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு படுக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கீழே இருந்து புதிதாக மாற்றலாகி வருகிறவருக்கு இது தெரிந்திருக்காது.

சமையலறைப் பின்கதவுக்குத் தகரம் அடிக்கச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். எண்ணெய் வாசனைக்குக் கரடி வந்த தெருக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இனி காகிதம். 11 மாத ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பெட்டியில் வைத்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. 2017-ல் இயற்றிய தமிழக வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, பைப் லைன், ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து அறை அறையாகப் போட்டோ எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

ரிப்பேருக்குப் பணம் இல்லை என்று வீட்டை லீஸுக்கு விட்டு, அந்த மொத்தத் தொகையைச் சுவரில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். மூன்று வருடம் கழித்து லீஸுக்கு இருந்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது சுவரைப் பெயர்த்துக் கொடுக்க முடியாது. வேலையை இரண்டு கோடையாகப் பிரியுங்கள்: இந்த வருடம் சாக்கடையும் கூரையும், அடுத்த வருடம் மற்றவை.

சட்டத்தின் பட்டியலில் சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பக்கம்தான் வரும். டீச்சர் வீட்டு ஒப்பந்தத்தில் மட்டும் மாற்றி எழுதினோம்: பின்பக்கச் சாக்கடையை மே மாதமும் செப்டம்பர் மாதமும் உரிமையாளரே சுத்தம் செய்வார் என்று. நர்ஸம்மா காலி செய்யவில்லை. வேலை நடந்த மூன்று வாரமும் டீச்சரின் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிவந்தார். இந்த செப்டம்பரில் டீச்சர் போன் செய்து, இரண்டு கூடை இலையும் ஒரு கிரிக்கெட் பந்தும் எடுத்ததாகச் சொன்னார்.