ஹியோங்நிம்: ‘சகோதரா’ அன்று, ‘அண்ணே’

கறுப்புக் கோட்டு அணிந்த அடியாட்கள் இரு வரிசையாக நின்று, இடுப்பை வளைத்துத் தலைதாழ்த்தி, காரிலிருந்து இறங்கும் தலைவனை நோக்கி ஒரே குரலில் ‘ஹியோங்நிம்!’ என்று முழங்கும் காட்சி, கொரிய அடிதடிப் படங்களையும் ரவுடி நகைச்சுவைப் படங்களையும் பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. சென்ற வாரம் நான் பார்த்த தமிழ் ஒலிமாற்றத்தில் அந்த முழக்கம் ‘சகோதரா!’ என்று ஒலித்தது; மறுநாள் படித்த விமர்சனமோ அந்தச் ‘சகோதரத்துவ உணர்வை’ மெச்சியிருந்தது. இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

‘ஹியோங்’ சீன மொழிவழி வந்த சொல். ஓர் ஆண் தன் அண்ணனை அழைப்பது. ‘நிம்’ மரியாதை விகுதி. தங்கை அழைத்தால் அதே அண்ணன் ‘ஓப்பா’ ஆகிவிடுவான்.

இனி ‘சகோதரா’வுக்கு வருவோம். சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன். மூத்தவனா இளையவனா என்பதை அச்சொல் சொல்வதில்லை. ‘ஹியோங்’ என்பதற்கோ மூப்புதான் உயிர். பிறப்பால் எந்த உறவும் இல்லாதவனையும், வயதாலோ கூட்டத்தில் வகிக்கும் இடத்தாலோ தனக்கு மேலே நிற்பவன் என்பதற்காகவே அப்படி அழைக்கிறார்கள். அதாவது, மூலச்சொல் வற்புறுத்துவதை விட்டுவிட்டு அது வற்புறுத்தாததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது இந்த மொழிபெயர்ப்பு. காரணம் வெளிப்படை: கொரியத்திலிருந்து நேரே வராமல் ஆங்கிலத் துணையுரை வழியாக வருகிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் அம்மொழியின் வறுமையை, இரண்டு சொற்களையும் கையில் வைத்திருக்கும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? அப்பாவின் அண்ணனைக் கொரியரும் ‘பெரிய அப்பா’ என்றே சொல்கிறார்கள். கூட்டத்தின் முதன்மைத் தலைவனுக்கும் அதே ‘பெரிய’ அடை சேரும், நம் ‘பெரியண்ணன்’ போல. இவ்வளவு பொருந்தி வரும் இரண்டு மொழிகளுக்கு நடுவே இந்தத் தரகு எதற்கு?

தூய தமிழ் விரும்பிகள் சிலர் ‘உடன்பிறப்பே’ என்று எழுதுகிறார்கள். வடசொல் போயிற்று, பிழை போகவில்லை. கலைஞரின் கடிதங்கள் வழியே காதில் பதிந்துவிட்ட அவ்விளியை அரிவாளோடு நிற்கும் அடியாள் வாயில் வைத்தால், இயக்குநர் நினைக்காத இடத்தில் அரங்கம் சிரிக்கும். ‘தமையன்’ பொருளில் சரியானது, ஆனால் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘அண்ணே’ ஒன்றே பொருளிலும் வழக்கிலும் பொருந்துகிறது. ‘மேல்’ என்று பொருள்படும் ‘அண்’ என்னும் வேரோடு அதனை இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ‘அண்ணே என்று போட்டால் சியோல் தெருவில் மதுரை வாடை வீசும்’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதிட்டார். ‘சகோதரா’ என்றால் மட்டும் சியோல் வாடையா வீசுகிறது? அது எந்த ஊரிலும் புழங்காத, ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டுமே வாழும் தமிழ்.

‘நிம்’ என்பதற்காக ‘அண்ணனார் அவர்களே’ என்று நீட்டவும் வேண்டியதில்லை. தமிழில் அந்த மரியாதை வினைமுற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும்: ‘ஹியோங்’ என்றால் ‘அண்ணே, வா’, ‘ஹியோங்நிம்’ என்றால் ‘அண்ணே, வாங்க’.

இன்னொரு வேடிக்கை: கொரியக் குடும்பத்தில் ஒரு பெண் தன் கணவனின் அக்காவையும், கணவனுடைய அண்ணன் மனைவியையும் ‘ஹியோங்நிம்’ என்றே அழைப்பாள். அகராதி பார்த்து இயந்திரம்போல் மாற்றுகிறவர்கள் கையில் இந்தச் சொல் சிக்கினால், அடுக்களையில் நிற்கும் ஓரகத்தியும் ‘சகோதரா’ ஆகிவிடுவாள். அங்கே ‘அக்கா’ என்பதே முறை.

விமர்சகர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதால் வரும் இழப்புக்கு, 2013இல் வெளிவந்த ‘நியூ வேர்ல்ட்’ என்ற கொரிய அடிதடிப் படம் நல்ல சான்று. அதில் ஹ்வாங் ஜுங்-மின் ஏற்ற ஜியோங் சோங் பாத்திரம், லீ ஜுங்-ஜே ஏற்ற ஜா-சோங்கை ஆங்கிலச் சொல்லாலேயே ‘பிரதர்’ என்று கூப்பிடுகிறது. கூட்டத்தினரின் ‘ஹியோங்நிம்’ முழக்கங்களுக்கு நடுவே அந்த ஒற்றை விளி தனித்துக் கேட்கும். படிநிலையை ஒதுக்கிவிட்டு ஒருவன் தோளில் கைபோடுவது போன்றது அது. எல்லா ‘ஹியோங்நிம்’களையும் முன்னதாகவே ‘சகோதரா’ ஆக்கிவிட்டவர்கள், இந்த ‘பிரதர்’ வரும்போது கையில் எதை வைத்திருப்பார்கள்?