சேற்றுக்குள் மூச்சை மாற்றும் பற்றீரியா

மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போகத்துக்காக நீர் கட்டிய வயலைச் சில வாரங்கள் கழித்து மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால், மேலே மெல்லிய பழுப்புப் படையும் அதன் கீழே சாம்பல் கலந்த கருஞ்சேறும் தெரியும். மேற்படையிலுள்ள இரும்பு துருவாக இருப்பதே அந்தப் பழுப்பு. ஒட்சிசன் அதுவரைதான் எட்டுகிறது. நீரில் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தின் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான் என்பதால், சில மில்லிமீற்றர் ஆழத்திலேயே நுண்ணுயிர்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. தீர்ந்த பின் அவற்றிற் பல இறப்பதில்லை; சுவாசிக்கும் நொதியத்தை மாற்றிக்கொள்கின்றன. வீசிய யூரியாவில் ஒரு பகுதி நெல்லுக்குச் சேராமல் வாயுவாகிப் போவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

மூக்கும் நுரையீரலும் இல்லாத உயிருக்குச் ‘சுவாசம்’ என்ற சொல் பொருந்துமா என்று கேட்கலாம். உணவிலிருந்து கழற்றிய இலத்திரன்களை மென்சவ்வில் பதிந்த நொதியச் சிக்கல்களின் (பல புரதங்கள் சேர்ந்த கூட்டுகளின்) சங்கிலி வழியே கைமாற்றி, கடைசியில் ஏதாவதொரு பொருளிடம் ஒப்படைப்பதே இங்கு சுவாசம். கைமாறும்போது வெளிப்படும் சக்தி புரோத்தன்களை மென்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே பாயும்போது, கலம் செலவிடும் சக்தியைச் சுமக்கும் ஏ.ரி.பி. உருவாகிறது. இலத்திரன்களை ஈர்க்கும் அழுத்தம் கூடினால் கிடைக்கும் சக்தியும் கூடும்; அது ஒட்சிசனுக்கு +0.82 வோல்ற்று, ஒட்சிசனுக்குப் பதிலாக உதவும் நைத்திரேற்றுக்கு +0.42 வோல்ற்று. ஆகவே ஒட்சிசன் கிடைக்கும்வரை நைத்திரேற்றைத் தொடுவது நட்டம்.

இந்தத் தெரிவு எப்படி நடக்கிறது என்பது ஈ. கோலை என்ற குடற் பற்றீரியாவில்தான் மிகத் தெளிவாக அறியப்பட்டுள்ளது. அதன் சங்கிலியின் தொடக்கத்திலுள்ள முதலாம் சிக்கலுக்கான 13 பரம்பரையலகுகள் ‘நுவோ’ என்ற பெயரில் ஒரே வரிசையில் அமைந்து, ஒரே தொகுதியாக இயக்கப்படுகின்றன. சங்கிலியின் கடைசி முனையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட நொதியங்கள் உண்டு. ஒட்சிசன் தாராளமாக உள்ளபோது புரோத்தன்களை இறைக்கும் ஒன்றும், அருகும்போது இறைக்காவிட்டாலும் எஞ்சிய சிறிதளவையும் பற்றிக்கொள்ளும் இன்னொன்றும், அறவே இல்லாதபோது நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும் மூன்றாவதும் வேலைக்கு வருகின்றன.

மூன்றாவதற்கான ‘நார்’ தொகுதியில் ஜி, எச், ஜே, ஐ என நான்கு பரம்பரையலகுகள் இருந்தும், முடிந்த நொதியத்தில் மூன்று புரதங்களே இருக்கும். ஜே தருவது கட்டடம் எழுப்ப மேசன் கட்டும் சாரத்தைப் போன்ற ஒரு புரதம்: மொலிப்டினம் கொண்ட துணைக்காரணி (நொதியம் இயங்கத் தேவையான சிறு மூலக்கூறு) உரிய இடத்திற் பொருந்தும்வரை உடனிருந்து, பிறகு விலகிவிடும். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் உருவாகியும் நொதியம் இயங்காது. கட்டடத்தோடு சாரத்துக்கான வரைபடத்தையும் ஒரே சுருளில் எழுதிவைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நான் எப்போதும் வியப்பேன்.

நார் தொகுதியைத் திறக்கும் எஃப்.என்.ஆர். என்ற புரதத்தில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து உண்டு. ஒட்சிசன் இல்லாதவரை கொத்து குலையாது. புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும். ஒட்சிசன் பட்டதும் கொத்து பாதியாக உடைய, இணை பிரிந்து பிடி விடும். உணரியும் ஆளியும் ஒன்றே. ஆனாலும் அது தனியே போதாது. நைத்திரேற்றை உணரும் நார்எக்ஸ், நார்எல் என்ற வேறொரு சோடி, ‘பொருள் இருக்கிறது’ என்று அறிவித்தால்தான் தொகுதி முழு அளவில் இயங்கும்.

வயற்சேற்றில் இதே வகை ஆளிகளைக் கொண்ட சூடோமோனசு, பரக்கொக்கசு போன்றவை இன்னும் தூரம் போகின்றன. யூரியா சிதைந்து வரும் அமோனியம் பழுப்புப் படையில் நைத்திரேற்றாகிக் கீழிறங்க, அங்கே அது நைத்திரைற்று, நைத்திரிக்கு ஒட்சைட்டு, நைத்திரசு ஒட்சைட்டு என்று மாறி நைதரசன் வாயுவாக முடிகிறது. ஒவ்வொரு படிக்கும் தனி நொதியம், தனிப் பரம்பரையலகுகள். கடைசிப் படியின் ‘நொஸ்’ நொதியத்துக்குச் செம்பு வேண்டும். அது ஒட்சிசனை மற்றவற்றைவிடக் குறைவாகவே தாங்கும். வரம்பை வெட்டி நீரை வடியவிடும்போது சேற்றுக்குள் நுழையும் ஒட்சிசன் அந்த நொதியத்தை முதலில் நிறுத்திவிட, முந்திய படிகள் மட்டும் சற்று நேரம் தொடர்வதால், 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நைத்திரசு ஒட்சைட்டாகவே பசளையின் ஒரு பங்கு வெளியேறுகிறது.